கிளட்ச் மாற்றிய பிறகு கார் ஸ்டார்ட் ஆகவில்லை: சோதனையை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
என்னுடைய பெட்ரோல் காரில் கிளட்ச் தேய்ந்துவிட்டதால், கியர்பாக்ஸைக் கழற்றிக் கிளட்ச் பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் மாற்றினார்கள். அந்த வேலைக்கு முன்பு வரை சாவியைத் திருப்பியதும் ஓடிய வண்டி, இப்போது ஸ்டார்டர் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பற்றாமல் நிற்கிறது. பேட்டரி 12.5 வோல்ட் காட்டுகிறது, பெட்ரோலும் இருக்கிறது. பெட்ரோல் பம்பையும் இக்னிஷன் காயிலையும் மாற்றிப் பார்க்கலாம் என்கிறார் பழுதுபார்த்தவர். அதற்குச் சம்மதிப்பதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும்?

பதில் 1:
தயவுசெய்து இப்போது எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். நேற்று வரை ஓடிய வண்டி வேலை முடிந்ததும் ஓடவில்லையென்றால், முதலில் பார்க்க வேண்டியது அந்த வேலையில் கைபட்ட இடங்களைத்தான். பம்பும் காயிலும் கிளட்ச் வேலையில் பொதுவாகத் தொடப்படுவதில்லை. பல கார்களில் கிராங்க் சென்சார் (எஞ்சின் சுற்றுவதை உணரும் சென்சார்), ஃபிளைவீலின் (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரத்தின்) பற்களைப் படிப்பதற்காகக் கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங்கிலேயே, அதாவது கிளட்சை மூடியிருக்கும் மணி வடிவ உறையிலேயே பொருத்தப்பட்டிருக்கும். கியர்பாக்ஸை இறக்கும்போது அந்த சென்சாரின் கனெக்டரைப் பிரித்தாக வேண்டும். அந்த சிக்னல் வராவிட்டால் எஞ்சின் சுற்றுவதே ஈசியூவுக்கு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு) தெரியாது. ஆகவே பொறியும் வராது, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் திறக்காது, பம்பும் சாவி போட்டவுடன் ஓரிரு விநாடி ஓடி நின்றுவிடும். பம்ப் பழுது என்று பலரும் ஏமாறுவது இங்கேதான்.

காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை இணைத்து, ஸ்டார்டர் சுற்றும்போது ஆர்.பி.எம். எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். 200 அளவில் ஏதாவது எண் வந்தால் சென்சார் பேசுகிறது. பூஜ்யத்திலேயே நின்றால் தேடலை அங்கிருந்து தொடங்கலாம். மீட்டரில் உள்ள முள்ளை மட்டும் நம்ப வேண்டாம், சில வண்டிகளில் அது ஸ்டார்ட் ஆகும் வரை அசையாது.

பதில் 2:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஸ்டார்டர் வழக்கமான வேகத்தில் சுற்றுவதால் கியர்பாக்ஸ் எர்த் ஒயர் விடுபட்டிருக்க வாய்ப்பு குறைவு; இருந்தாலும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். எஞ்சின் ஒரு விநாடி ஓடி அணைந்திருந்தால் இம்மொபிலைசரை (சரியான சாவி இல்லாமல் வண்டி ஓடாதபடி தடுக்கும் அமைப்பை) சந்தேகித்திருப்பேன். இன்னொரு வேண்டுகோள்: தொடர்ந்து பத்து விநாடிக்கு மேல் ஸ்டார்டரைச் சுற்றவிடாதீர்கள், அது சூடேறிக் கெட்டுவிடும்.

கேள்வி கேட்டவர்:
ஸ்கேனரில் ஆர்.பி.எம். பூஜ்யமாகவே இருக்கிறது, பி0335 என்ற கோடும் வந்திருக்கிறது. கனெக்டர் சரியாகத்தான் மாட்டப்பட்டிருக்கிறது. அப்படியென்றால் புதிய சென்சார் வாங்கிவிடலாமா?

பதில் 1:
இன்னும் வேண்டாம். அந்தக் கோடு கிராங்க் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்றுதான் சொல்கிறது, சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. மூன்று ஒயர் உள்ள ஹால் வகையாக (வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் இயங்கும் வகையாக) இருந்தால், கனெக்டரைப் பிரித்து, சாவியைப் போட்டு, ஒயரிங் பக்கத்தில் மின்சாரமும் எர்த்தும் வருகின்றனவா என்று மல்டிமீட்டரால் பாருங்கள். இந்த வகையில் சென்சாரின் ஓம் அளவை எடுத்து முடிவு செய்யக் கூடாது. இரண்டு ஒயர் உள்ள காந்த வகையென்றால், ஸ்டார்டர் சுற்றும்போது அதிலிருந்து சிறிய ஏசி வோல்ட் வர வேண்டும். அதன்பின் ஒயரை ஈசியூ வரை கையால் தடவிக்கொண்டே போங்கள். கியர்பாக்ஸும் எஞ்சினும் சேரும் விளிம்பில் ஒயர் நசுங்கியிருப்பது இந்த வேலையில் நடக்கக்கூடியதுதான்.

கேள்வி கேட்டவர்:
நீங்கள் சொன்ன அதே விளிம்பில், கீழ்ப்பக்கம், ஒயர் மாட்டிக்கொண்டு உறை கிழிந்திருக்கிறது. டேப் சுற்றினால் போதும் என்கிறார்கள்.

பதில் 2:
போதாது. அதைவிட முக்கியமாக, இரண்டு உலோக முகங்களுக்கு நடுவே ஒயர் சிக்கியிருந்தால் கியர்பாக்ஸ் முழுமையாக ஒட்டி உட்காரவில்லை என்று பொருள்; அப்படியே ஓட்டினால் புதிய கிளட்சும் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கும் பாதிக்கப்படும். போல்ட்டுகளைத் தளர்த்தி ஒயரை விடுவித்து, சேதமான துண்டை வெட்டி, சால்டர் செய்து, வெப்பத்தில் சுருங்கும் உறை போட்டு, சைலன்சர் குழாயிலிருந்து விலக்கிக் கட்டச் சொல்லுங்கள். பிறகு விளிம்பு முழுவதும் இடைவெளியின்றி ஒட்டியிருப்பதை உறுதி செய்துகொண்டே போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும்.