தெற்குத் தெரு குடும்பம் குரூப்: அப்பா தோள்பட்டை

கவிதா: அத்தை, அப்பாவுக்கு வலது கை இன்னும் மேல ஏறவே இல்ல. ஃபிட்ஸ் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. எக்ஸ்ரே நார்மல், ஃப்ரோஸன் ஷோல்டர் (தோள் மூட்டு இறுகிப் போறது)னு சொல்லி பிசியோ ஓடுது.

மலர் அத்தை: முழங்கையை மடக்கி இடுப்போட ஒட்டி வச்சு, முன்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்பச் சொல்லு. நீ பிடிச்சுத் திருப்பாத.

கவிதா: துளிகூட திரும்பல அத்தை. வயித்தோடயே நிக்குது. கையை முன்னால நீட்டி உள்ளங்கையை மேல பார்க்க வைக்கவும் முடியல.

மலர் அத்தை: ஃப்ரோஸன்லயும் வெளித்திருப்பம் குறையும்மா. ஆனா அது மெல்ல மெல்ல இறுகும். ஃபிட்ஸ் வந்த அன்னிலேர்ந்தே இப்படியா?

கவிதா: ஆமா, அன்னிலேர்ந்தே.

மலர் அத்தை: அப்போ பயிற்சியை நிறுத்து. தோள் மூட்டுப் பந்து, அதான் மேல்கை எலும்போட உருண்டைத் தலை, கிண்ணத்தை விட்டுப் பின்பக்கமா இறங்கியிருக்கலாம். குமரா, பாரு.

குமரன்: எனக்கும் அதே சந்தேகம்தான். ஃபிட்ஸ், கரண்ட் ஷாக் ரெண்டுலயும் கையை உள்பக்கம் திருப்புற தசைங்க ஜெயிச்சு பந்தைப் பின்னால தள்ளிடும். நேரா எடுத்த ஒரே படத்துல இது சுலபமா தப்பிடும். பந்து பல்பு மாதிரி உருண்டையா தெரியுதான்னு பழைய படத்தைப் பார்க்கணும், அனுப்பு. ஆக்ஸிலரி வியூன்னு, அக்குள் வழியா எடுக்குற எக்ஸ்ரே, கேட்டு எடுங்க. கையை விரிக்க முடியலன்னா நேரா சிடி ஸ்கேன்.

பாலு சித்தப்பா: எதுக்குப்பா இவ்ளோ? கட்டுப் போடுறவர்கிட்ட ஒரு இழுப்பு இழுத்தா உட்கார்ந்துரும்.

குமரன்: வேணாம் சித்தப்பா. மூணு வாரம் தாண்டினாலே பழைய விலகல். கிண்ணத்துல தழும்புச் சதை நிரம்பியிருக்கும், எலும்பு மெலிஞ்சிருக்கும், பந்துல கிண்ண விளிம்பு அழுத்தி பள்ளம் விழுந்திருக்கும். இழுத்தா எலும்பு உடையும். வயசானவங்களுக்கு அக்குள் ரத்தக்குழாயே கிழியலாம்.

கவிதா: அப்ப ஆபரேஷன்தானா அண்ணா?

குமரன்: பள்ளத்தோட அளவைப் பொறுத்தது. பந்துல கால்வாசிக்கு மேல, பாதிக்குள்ளன்னா திறந்து உட்கார வச்சு, பக்கத்துத் தசைநாரைப் பள்ளத்துல பதிப்பாங்க. பாதி போயிருந்தா மூட்டு மாத்துறதுதான். வலி கம்மி, சாப்பிட சட்டை போட முடியுதுன்னா, வயசானவங்களுக்கு அப்படியே விடுறதும் உண்டு. அது கைவிடுறது இல்ல.

பாலு சித்தப்பா: வெளியில பார்த்தா தெரியாதா?

மலர் அத்தை: முன்பக்கம் இறங்கினா தெரியும் தம்பி. தோளோட உருட்சி போய் சதுரமா நிக்கும், அந்தக் கையால எதிர்த்தோளைத் தொட்டு முழங்கையை நெஞ்சோட ஒட்ட முடியாது. பின்பக்கம்தான் ஏமாத்தும். கவிதா, தோள் வெளிப்பக்கம் பஞ்சால தடவு, உணர்ச்சி இருக்கா?

கவிதா: இருக்காம்.

மலர் அத்தை: நல்லது. இருந்தாலும் தோள் தசைக்குப் போற நரம்பை அவங்களும் பார்ப்பாங்க.

குமரன்: ஃபிட்ஸ் மாத்திரை ஒரு வேளைகூட விடக்கூடாது. மறுபடி வந்தா, சரி பண்ணினதும் திரும்ப இறங்கிடும். நரம்பு டாக்டர் சீட்டையும் எடுத்துட்டு வா.