அம்மாவின் தேநீருக்கு எது: பனங்கட்டியா, கித்துளா, ஸ்டீவியாவா?

வெல்லவத்தை மகள் கேட்கிறார்:

வணக்கம். அம்மாவுக்கு 67 வயது. நீண்ட காலமாக நீரிழிவு. இதயக் குழாயில் ஒரு ஸ்டென்ட்டும் வைத்திருக்கிறார்கள். காலையும் இரவும் மெற்போமின், காலையில் கூடவே கிளிக்ளசைட். கடைசிப் பரிசோதனையில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எண்) 8.1. வெறும் வயிற்றில் பார்த்தால் 118 தான். காலை உணவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 240ஐத் தாண்டி நிற்கிறது.

அம்மா சீனியைத் தொடுவதில்லை. அதில் அவர் மிக உறுதி. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து சித்தி பஸ்ஸில் கொடுத்தனுப்பும் பனங்கட்டிக் குட்டான் எப்போதும் சமையலறைத் தட்டில் இருக்கும். வெறுந்தேநீர் குடிக்கும்போதெல்லாம் ஒரு துண்டைக் கடித்துக்கொள்வார். நாளுக்கு நான்கைந்து தேநீர் ஆகிவிடும். மதியச் சோற்றுக்குப் பிறகு தயிரும் கித்துள் பாணியும் (கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் பாகு). "இது மரத்திலிருந்து வருவது பிள்ளை, சீனி ஆலையில் செய்வது" என்பது அவருடைய வாதம். காலி வீதிக் கடைக்காரரும் நீரிழிவுக்காரர் தாராளமாகச் சாப்பிடலாம் என்று சொல்லித்தான் பாணிப் போத்தலை நீட்டுகிறார். கனடாவில் இருக்கும் அண்ணா, சீனிக்குப் பதிலாகப் போடும் ஸ்டீவியாப் பொதி ஒன்று அனுப்பியிருக்கிறார். அம்மா அதை மருந்துப் பொடி என்று ஒதுக்கி வைத்துவிட்டார்.

அவரிடமிருந்து இனிப்பை முற்றாகப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்பா போன பிறகு அந்த மாலைத் தேநீர் வேளையில்தான் அம்மா கொஞ்சம் வாய்விட்டுப் பேசுகிறார். அதற்காகக் கண்ணும் சிறுநீரகமும் கெடட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. எதைக் கொடுக்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாத்தளைக்காரன்:

சகோதரி, கித்துள் பாணியைக் குற்றவாளியாக்காதீர்கள். எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறோம். என் பாட்டனார் தினமும் கருப்பட்டியும் தேநீருமாக வாழ்ந்து நல்ல வயதில்தான் போனார். பிரச்சினை கலப்படத்தில் இருக்கிறது. கொழும்பில் மலிவாகக் கிடைக்கும் பல போத்தல்களில் சீனிப்பாகு கலந்திருக்கிறது. நம்பிக்கையான ஆளிடம், பதநீர் இறக்கிக் காய்ச்சுகிறவரிடமே நேரில் வாங்குங்கள். அதற்குப் பிறகு பயப்படத் தேவையில்லை என்பது என் கருத்து.

கொட்டாஞ்சேனைத் தாதி (ஓய்வு):

தங்கச்சி, நீரிழிவுக் கிளினிக்கில் நான் வேலை செய்த காலம் முழுவதும் உங்கள் அம்மாவைப் போன்றவர்களைத்தான் பார்த்தேன். சீனியை விட்டுவிட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள். அதில் பொய்யே இருக்காது. ஆனாலும் கிளினிக் கொப்பியில் எழுதிய எண் இறங்காது.

மாத்தளைத் தம்பி கலப்படத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் கலப்படமே இல்லாத பாணியும் நீரிழிவுக்காரருக்குச் சீனிதான். கித்துள் பாணி, கருப்பட்டி, பனங்கட்டி மூன்றிலும் இனிப்பின் பெரும்பகுதி சுக்குரோஸ். கடைச் சீனியும் அதுவே. குடலில் அது குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிரிந்துவிட்டால் பனைக்கும் கரும்புக்கும் எந்த வேறுபாடும் மிஞ்சாது. உங்கள் பாட்டனார் மலையேறி இறங்கி உழைத்த மனிதராக இருந்திருப்பார் தம்பி. அந்த உடலையும் வெல்லவத்தை மாடி வீட்டில் ஸ்டென்ட்டுடன் இருக்கும் அம்மாவின் உடலையும் ஒப்பிடக்கூடாது.

பனங்கட்டியில் இரும்பும் பொட்டாசியமும் உண்டு, உண்மைதான். அதற்காக அதைச் சாப்பிடுவதென்றால், பயன் தெரியுமளவு சாப்பிடுவதற்குள் சீனி எங்கேயோ ஏறிவிடும். முருங்கையிலை வறுத்துக் கொடுங்கள்.

இப்போது அளவைப் பாருங்கள். 10 கிராம் பனங்கட்டித் துண்டில் 8 கிராமுக்குக் குறையாத சீனி இருக்கும். அது இரண்டு தேக்கரண்டி. ஐந்து தேநீருக்கு ஐந்து துண்டு என்றால் பத்துத் தேக்கரண்டி. தயிரில் ஊற்றும் பாணி ஒரு மேசைக்கரண்டி என்றாலே இன்னும் மூன்று தேக்கரண்டி சேரும்; ஒரு மேசைக்கரண்டியோடு கையை நிறுத்துபவர்களை நான் அதிகம் கண்டதில்லை. அம்மா தேநீரில் நேரடியாகச் சீனி போட்டுக் குடித்திருந்தால் பயந்து பயந்து அரைக் கரண்டியோடு நிறுத்தியிருப்பார். பாதுகாப்பானது என்று நம்பியதால்தான் அளவு போய்விட்டது. எனக்குக் கோபம் அம்மாவின்மேல் இல்லை, அப்படிச் சொல்லி விற்கிறவர்கள்மேல்தான்.

தேனும் இதே கதைதான். ஒரு மேசைக்கரண்டித் தேனில் ஏறத்தாழ 17 கிராம் சீனி. இரத்தத்தில் ஏறும் வேகத்தைக் காட்டும் கிளைசீமிக் குறியீட்டில் சீனி 65 அளவில் நிற்கிறது, தேன் 60ஐ ஒட்டி. அந்தச் சிறு இடைவெளியை நம்பி ஒரு கரண்டி கூட ஊற்றினால் கிடைத்த நன்மை போய்விடும்.

ஆனால் என்னை உறுத்துவது அந்த 240. பனங்கட்டி நாள் முழுவதும் போகிறது. எண் ஏறுவதோ காலை உணவுக்குப் பிறகு. காலையில் அம்மா என்ன சாப்பிடுகிறார்? பாண் என்றால் கேளுங்கள்: வெள்ளைப் பாணின் கிளைசீமிக் குறியீடு 75 வரை வரும், சீனியைவிட அதிகம். கால் றாத்தல் பாணில் 50 கிராமுக்கு மேல் மாச்சத்து இருக்கிறது. பனங்கட்டியை நிறுத்திவிட்டுப் பாணை அப்படியே வைத்தால் அடுத்த எச்பிஏ1சியும் உங்களை அழவைக்கும்.

இனி ஸ்டீவியா. பராகுவே பக்கத்துச் செடி ஒன்றின் இலையிலிருந்து பிரித்தெடுக்கும் பொருள் அது. சீனியைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பு. இரத்தத்தில் குளுக்கோஸை ஏற்றாது. சுத்திகரித்த ஸ்டீவியாவில் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 4 மில்லிகிராம், அதன் அடிப்படைப் பொருளான ஸ்டீவியோல் கணக்கில், தினசரி எல்லையாக உலக உணவுச் சேர்மான நிபுணர் குழு வைத்திருக்கிறது. இரண்டு மூன்று தேநீருக்குப் போட்டால் அந்த எல்லைக்கு அருகிலும் போகமாட்டோம். 2023இல் உலகச் சுகாதார நிறுவனம் எடை குறைப்பதற்காகச் சீனியில்லா இனிப்பூட்டிகளை நம்பவேண்டாம் என்று சொன்னபோது ஸ்டீவியாவும் பட்டியலில் இருந்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்பதையும் அதே ஆவணத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை.

ஒன்று மட்டும் செய்யுங்கள். அண்ணா அனுப்பிய பொதியின் பின்பக்கத்தில் சேர்மானம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து இங்கே போடுங்கள்.

வெல்லவத்தை மகள்:

நன்றி அக்கா. காலையில் பாணும் பருப்பும்தான், சில நாள் இடியப்பம். இதை நான் யோசித்தே பார்க்கவில்லை.

பொதியில் முன்பக்கம் பெரிதாக ஸ்டீவியா இலைப் படம். பின்பக்கத்தில் முதலாவது எரித்ரிட்டோல், கடைசியில்தான் ஸ்டீவியாச் சாறு. இது நல்லதா கெட்டதா?

தெஹிவளைவாசி:

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள், நானும் நீரிழிவுக்காரன். தனி ஸ்டீவியா மிக வலிமையானது, கரண்டியால் அள்ளமுடியாது. ஆகவே கன அளவுக்காக ஏதாவது கலப்பார்கள். சேர்மானத்தில் முதலில் வருவதுதான் அதிகம் இருப்பது. டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருந்தால் இரண்டும் குளுக்கோஸ் வகைதான். சிறு பக்கெட் ஒன்றில் ஒரு கிராமுக்கும் குறைவு, பெரிய பாதிப்பில்லை. கேக், வட்டிலப்பம் செய்வதற்குக் கப் அளவில் அள்ளும்போது கணக்கு மாறும்.

பக்கெட்டைக் குடும்பத்தோடு விவாதிப்பதைவிட மீற்றரைக் கேளுங்கள். ஒரே காலை உணவு, ஒரே அளவு. ஒரு நாள் பனங்கட்டியோடு, இன்னொரு நாள் அது இல்லாமல். இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பாருங்கள். என் மனைவியின் தந்தை யார் சொல்லியும் கேளாதவர், திரையில் தெரிந்த எண்ணைக் கண்டபின்தான் பாணிப் போத்தலைத் தள்ளிவைத்தார்.

கொட்டாஞ்சேனைத் தாதி (ஓய்வு):

தெஹிவளைத் தம்பி சொன்னதைச் செய்யுங்கள், ஸ்ட்ரிப் இரண்டு செலவானாலும் பரவாயில்லை.

எரித்ரிட்டோலும் சீனிக்குப் பதிலாகப் போடும் ஓர் இனிப்புப் பொருள்தான். குளுக்கோஸை ஏற்றாது, பெரும்பகுதி அப்படியே சிறுநீரில் வெளியேறிவிடும். ஆனால் அம்மாவுக்கு ஸ்டென்ட் இருக்கிறது. 2023இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், இரத்தத்தில் எரித்ரிட்டோல் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்திருந்தன. அதுதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. உடலே கொஞ்சம் எரித்ரிட்டோல் உற்பத்தி செய்கிறது. இருந்தாலும் என் அம்மாவாக இருந்தால் இதயம் பார்க்கும் டொக்டரிடம் கேட்கும்வரை அந்தப் பொதியைத் திறக்கமாட்டேன். எரித்ரிட்டோல் கலக்காத ஸ்டீவியாத் துளியோ குளிசையோ வாங்கலாம்.

கசப்பாக இருக்கிறது என்று அம்மா சொல்வார், சரியாகவே சொல்வார். வெறுந்தேநீரில் இஞ்சியும் நம்முடைய கறுவாப்பட்டையும் போட்டுக் கொதிக்கவிட்டால் அந்தப் பின்சுவை அடங்கும். இலங்கைக் கறுவாவே போடுங்கள். காசியா என்ற இன்னொரு வகைப் பட்டையில் கூமரின் என்ற பொருள் அதிகம், தினமும் குடித்தால் ஈரலுக்கு நல்லதல்ல. பனங்கட்டியை ஒரே நாளில் எடுத்துவிடாதீர்கள். துண்டைப் பாதியாக்குங்கள், பிறகு கால். மாலைத் தேநீரின் துண்டைக் கடைசியாகத் தொடுங்கள், தொடாமலே விட்டாலும் நான் குறை சொல்லமாட்டேன். காலைப் பாணைப் பாதியாக்கி முட்டையோ கடலையோ சேர்த்தால் அந்தச் சிறு துண்டுக்கு இடம் கிடைத்துவிடும்.

இன்னொன்று, மிக முக்கியம். அம்மா கிளிக்ளசைட் எடுக்கிறார்; சாப்பாடு குறைந்தாலும் அந்த மாத்திரை சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். பாணையும் பனங்கட்டியையும் குறைக்கும்போது சீனி ஒரேயடியாக இறங்கலாம். ஆகவே குறைக்கத் தொடங்கும் முன் கிளினிக்கில் சொல்லுங்கள், மாத்திரை அளவை அவர்கள் பார்க்கவேண்டும். வியர்த்து, கை நடுங்கி, மீற்றரில் 70க்குக் கீழே காட்டினால் ஸ்டீவியா எதற்கும் உதவாது. ஒரு மேசைக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள், 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். சீனி டப்பாவை வீட்டிலிருந்து அகற்றிவிடவேண்டாம், அம்மாவின் கட்டிலுக்கு அருகிலும் கொஞ்சம் குளுக்கோஸ் வையுங்கள்.

வெல்லவத்தை மகள்:

அக்கா, புதன்கிழமை கிளினிக். பொதியையும் பாணிப் போத்தலையும் மீற்றரையும் கையோடு கொண்டுபோகிறேன். காலைக்குப் பாதிப் பாணும் அவித்த கடலையும் என்று அம்மாவிடம் இப்போதுதான் சொன்னேன். கடலைக்குத் தேங்காய்ப்பூ போடலாமா என்று கேட்கச் சொல்கிறார்.

கொட்டாஞ்சேனைத் தாதி (ஓய்வு):

ஒரு பிடி போடலாம். சீனி ஏறாது. இதயத்துக்காக ஒரு பிடியோடு நிறுத்தச் சொல்லுங்கள்.