1930களில் 50 காசுக் கூலி: எப்படிக் கணக்கிடுவது?

தேக்காவாசி:
வணக்கம். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே சிங்கப்பூர்த் தமிழர் வாழ்க்கை பற்றிச் சமூக மன்றத்தில் ஒரு கண்காட்சி வைக்கிறோம். கூலிப் பலகை மட்டும் இன்னும் முடியவில்லை. எதைப் புரட்டினாலும் "ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு, பொருளாதார மந்தத்தில் 28, 24" என்றே இருக்கிறது. 30ஆல் பெருக்கினால் மாதம் 15 வெள்ளி (அன்றைய மலாயா டாலர், 100 காசு 1 வெள்ளி) வருகிறது. இதை ரூபாயாக மாற்றிக் காட்டலாமா? ஏன் இவ்வளவு இறங்கியது?

பால்மரம்:
30ஆல் பெருக்காதீர்கள். ரப்பர்த் தோட்ட முதலாளி மாதம் 24 நாள் வேலை தரவேண்டும் என்பதுதான் அன்றைய தொழிலாளர் சட்டம். கூலியும் பெரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுப்பில்) பெயர் விழுந்த நாளுக்கு மட்டுமே. மழை நாளில் பால் வெட்டு இல்லை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டு வழியே கோப்பைக்கு இறங்காமல் மரமெங்கும் வழிந்து வீணாகிவிடும். ஆகவே 24 நாள், 12 வெள்ளி என்று போடுங்கள். அதுவும் நல்ல மாதத்துக்கான கணக்குதான்.

ரூபாய்க் கணக்கு எளிது. 1 வெள்ளி என்பது 2 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 28 பென்ஸ். 1927 முதல் 1 ரூபாய் 18 பென்ஸ். 28ஐ 18ஆல் வகுத்தால் 1 வெள்ளிக்கு ஏறக்குறைய 1 ரூபாய் 9 அணா (16 அணா 1 ரூபாய்). 50 காசு பன்னிரண்டரை அணா ஆகும். 28 காசு 7 அணாதான். மாதத்துக்கு 12 வெள்ளி, 18 ரூபாய் 11 அணா. மந்தத்தில் 6 வெள்ளி 72 காசு, 10 ரூபாய் 7 அணா.

இரண்டு இடத்தில் கணக்கு சறுக்கும். 1927க்கு முந்தைய ஆண்டுகளுக்கு இந்த விகிதத்தைப் போடக்கூடாது. ரூபாய் அப்போது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. 1931இல் பிரிட்டிஷ் பவுண்டு தங்க மதிப்போடு இருந்த பிணைப்பை விட்டபோது வெள்ளியும் ரூபாயும் அதோடு சேர்ந்தே இறங்கியதால் இந்த விகிதம் மாறவில்லை. ஆனால் அமெரிக்க டாலர் வழியாக மாற்றினால் தப்பாகிவிடும். இன்னொன்று: "ஊருக்கு அனுப்பியது" என்று எழுதாதீர்கள், அரிசிக்கும் உப்புக்கும் போனதுபோக மிஞ்சியதுதான் ஊருக்குப் போயிருக்கும். "ரூபாயில் அன்றைய மதிப்பு" என்றே எழுதுங்கள்.

கித்தாக்கணக்கு:
ஏன் இறங்கியது என்பதற்கு ரப்பர் விலையைப் பாருங்கள். 1922 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு ஸ்டீவன்சன் திட்டம் என்ற பெயரில் மலாயா, இலங்கை ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. 1925இல் லண்டனில் ஒரு ராத்தல் (சுமார் 450 கிராம்) ரப்பர் 4 ஷில்லிங்கைத் தாண்டியது. டச்சுக் கிழக்கிந்தியா அந்தத் திட்டத்தில் சேரவே இல்லை. விலை ஏறியதைக் கண்டு சுமத்ராவிலும் போர்னியோவிலும் சிறுதோட்டக்காரர்கள் கன்று நட்டுத் தள்ளினார்கள். ரப்பர் மரம் வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டு ஆகும். அந்த மரங்கள் பால் கொடுக்கத் தொடங்கிய நேரம், அமெரிக்காவில் கார் விற்பனை படுத்துவிட்டது. 1932இல் ஒரு ராத்தல் 2 பென்ஸுக்கும் கீழே போனது.

பலகையில் இதைக் கட்டாயம் சேருங்கள்: 28 காசு என்பது வேலையில் நிலைத்தவரின் கூலி. 1930 ஆகஸ்டில் கங்காணி ஆள்பிடிப்பு (தோட்டக் கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் சேர்ப்பது) நிறுத்தப்பட்டது. தோட்டங்கள் செலுத்திய வரியில் நடந்த இந்தியக் குடியேற்ற நிதி, ஆள் கொண்டுவரக் கொடுத்த பணத்தை ஆளைத் திருப்பி அனுப்பக் கொடுத்தது. மூன்றே ஆண்டில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேறினார்கள். அவர்களுடைய கூலி பூஜ்யம். அதை விட்டுவிட்டு 50க்குப் பக்கத்தில் 28 என்று மட்டும் வரைந்தால், பாதியளவு கஷ்டம்தான் என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார்.

1936 டிசம்பரில் சீனிவாச சாஸ்திரி இந்திய அரசின் சார்பில் வந்து பார்த்து, பழைய 50, 40ஐத் திருப்பித் தரச் சொன்னார். 1937இல் தந்தார்கள். 1938இல் விலை மறுபடி சரிந்ததும் கூலியை வெட்டினார்கள். அந்த ஜூனிலேயே, பயணச் செலவைப் பிறர் கொடுக்கும் உதவிப் பயணத்தில் கூலியாட்கள் மலாயா போவதை இந்தியா தடுத்துவிட்டது.

செம்பவாங் ரயிலடி:
இரண்டு பதிலும் சரி. ஆனால் அது தோட்டக் கூலி. தமிழர் எல்லாருக்கும் அதையே போட்டால் சிங்கப்பூர்ப் பலகை தவறாகிவிடும். இங்கே பெரும்பகுதி நகராண்மைக் கழகம், துறைமுகம், கடற்படைத் தளம். தீவில் இந்தியர் 1921இல் சுமார் 32,000, 1931இல் சுமார் 51,000. இதில் தோட்டத்தில் இருந்தவர்கள் ஒரு பகுதிதான். தளத்தின் ஏற்ற இறக்கமும் வேறு. 1929இல் வந்த பிரிட்டிஷ் தொழிற்கட்சி அரசு பணியை மெதுவாக்கியது, 1930களின் நடுவில் வேகம் பிடித்தது, 1938 பிப்ரவரியில் பெரிய கப்பல்துறை திறந்தது. தோட்டத்துக்கு ஒரு பத்தி, நகரத்துக்கு ஒரு பத்தி என்று பிரித்துவிடுங்கள்.

நகரப் பத்திக்கு ஒரு சின்ன அளவுகோல்: 1935 ஜூலையில் தமிழ் முரசு தொடங்கியபோது விலை 1 காசு. 50 காசு வாங்குபவரின் நாட்கூலியில் ஐம்பதில் ஒரு பங்கு.

தேக்காவாசி:
மிக்க நன்றி ஐயா. நகரக் கூலியை எங்கே தேடுவது?

செம்பவாங் ரயிலடி:
தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தளத்தில். 1936 டிசம்பர் நகராண்மைத் தொழிலாளர் வேலைநிறுத்தச் செய்திகளில் தொடங்குங்கள். கோரிக்கை வைத்தால் பழைய கூலியையும் சொல்லித்தானே ஆகவேண்டும். ஆங்கில இதழ்களில் "கூலி" என்ற சொல் "ஒய்" எழுத்தில் முடியும், "ஐ-ஈ" என்றும் முடியும். இரண்டையும் தேடுங்கள். ஆங்கிலத்தில் "தமிழ்" (Tamil) என்று மட்டும் போட்டால் பாதிச் செய்தி விட்டுப்போகும். "இந்தியன் லேபரர்" என்றும் போட்டுப் பாருங்கள். எண் கிடைத்தால், அது நாட்கூலியா மாதக்கூலியா, குடியிருப்பு சேர்ந்ததா என்று அதே செய்தியிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.