புதுப்பிப்பு: ஸ்பிரின்ட் கடைசியில் குவியும் டெஸ்டிங்

ஸ்பிரின்ட்டின் (மென்பொருள் வேலையைப் பிரித்துச் செய்யும் குறுகிய காலச் சுற்றின்) கடைசி இரண்டு நாளில் மொத்த டெஸ்டிங்கும் வந்து குவிகிறது, இலங்கை மலையகத்து ஹட்டனில் இருக்கும் எங்கள் சின்ன டீம் என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

டெஸ்டரைத் திட்டமிடும் கூட்டத்திலேயே உட்கார வையுங்கள் என்ற யோசனைதான் அதிகம் கைகொடுத்தது. நாங்கள் செய்வது கொழுந்து நிறுவைச் செயலி, அதாவது பறித்த தேயிலைக் கொழுந்தின் எடையைப் போனில் பதியும் செயலி. ஒரு வரி கோட் எழுதும் முன்பே டெஸ்டர் அக்கா பிடித்துக்கொண்டார்: "தம்பி, மழை நாளில் ஈரத்துக்குக் கழிக்கிற வீதம் சாக்கு எடையை எடுத்த பிறகா, முன்னாலா? சிக்னல் போய்த் திரும்பினால் ஒரே நிறுவை இரண்டு தரம் ஏறாதா?" இரண்டும் அப்படியே ஏற்பு நிபந்தனைகளாயின, அதாவது வேலை முடிந்தது என்று ஒப்புக்கொள்ள நிறைவேற வேண்டியவை. இப்போது ஒவ்வொரு நிறுவைக்கும் போனிலேயே ஓர் அடையாள எண் விழுகிறது. அதே எண் மறுபடி வந்தால் சர்வர் ஒதுக்கிவிடும்.

மென்பொருள் நூலாசிரியர் மைக் கோன் சொன்ன டெஸ்ட் பிரமிட்டும் (அடியில் சின்ன டெஸ்ட்கள் நிறைய, மேலே போகப் போகப் பெரியவை கொஞ்சம்) பொருந்தியது. கணக்குப் பகுதிக்கு, கோடின் சின்னத் துண்டுகளைத் தனித்தனியே சோதிக்கும் யூனிட் டெஸ்ட் நிறைய, திரை வழியே ஓடுவது கொஞ்சம். எல்லாவற்றையும் ஆட்டோமேட் பண்ணச் சொன்னவர்களோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஈரக் கையால் திரையைத் தொட்டால் என்னாகும் என்பதை மலையில் நின்றுதானே பார்க்க வேண்டும்!

கடைசி நாள் நெரிசல் குறைந்திருக்கிறது, தீரவில்லை. அப்புறம், பழைய அம்சங்களை மறுபடி சோதிக்க இன்னும் அரை நாள் போகிறது; அடுத்து அதில்தான் கை வைக்கிறோம்.