வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்: ‘ஹயர்டு ஆர்ம்டு கட்டர்’

பெயர்த்தெழுதி:

குழுவினருக்கு வணக்கம். நெப்போலியன் காலத்துக் கடற்போர் பற்றிய நூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை படியை ஒப்படைக்க வேண்டும். ‘ஹயர்டு ஆர்ம்டு கட்டர்’, ‘ஹயர்டு ஆர்ம்டு லக்கர்’ என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது (கட்டர், லக்கர் இரண்டும் சிறு பாய்மரக் கப்பல் வகைகள்). 1793இல் பிரான்சுடன் போர் மூண்டபோது பிரிட்டிஷ் கடற்படையிடம் சிறு கப்பல்கள் போதவில்லை. தனியாரின் பாய்மரக் கப்பல்களை வாடகைக்கு எடுத்து, பீரங்கி பூட்டி, ஆங்கிலக் கால்வாயில் ஓடவிட்டார்கள். அந்தக் கப்பல்களைத்தான் சொல்கிறேன்.

‘வாடகை ஆயுதக் கப்பல்’ என்று போட்டு 3 அத்தியாயங்களை முடித்துவிட்டேன். நேற்று என் மகள் எடுத்துப் படித்துவிட்டு, “ஆயுதத்தை வாடகைக்கு விடுகிற கப்பலா அம்மா?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு வேலை நகரவில்லை. உதவுங்கள்.

வேர்ச்சொல்லன்:

மகள் கேட்டது சரி. ஆனால் நோய் வேறு இடத்தில் இருக்கிறது. வாடகை, ‘பாடக’ என்ற வடசொல்லின் திரிபு. ஆயுதமும் வடசொல். மிஞ்சுவது கப்பல் ஒன்றுதான். அதையும் மலாய்க்காரர்களுக்கு நாம் கொடுத்தோமா, அவர்களிடமிருந்து வாங்கினோமா என்று இதே குழுவில் ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டோம்.

என் முன்மொழிவு: அமர்கலம். வேலைக்கு ஆள் அமர்த்துகிறோம் அல்லவா? அந்த அமர். ‘அமரகத்து’ என்கிறாரே வள்ளுவர், போர் என்ற பொருளில்? அந்த அமரும் இதில் இருக்கிறது. கூலியும் போரும் ஒரே சொல்லில்! ஆங்கிலத்துக்கு மூன்று சொல் தேவைப்பட்ட இடத்தில் நமக்கு ஒன்று போதும்.

புலவர்:

தம்பியின் ஆர்வம் மெச்சத்தக்கது. இலக்கணம்தான் இடம் கொடுக்கவில்லை. அமர் தன்வினை, அமர்த்து பிறவினை. ‘அமர்கலம்’ என்று வினைத்தொகையாக எழுதினால் அமர்ந்த கலம், அமர்கின்ற கலம், அமரும் கலம் என்று விரியும். அதாவது தரைதட்டி உட்கார்ந்துவிட்ட கப்பல். போர் என்ற பெயர்ச்சொல்லாகக் கொண்டாலோ வல்லினம் மிகுந்து ‘அமர்க்கலம்’ ஆகும். ஒற்று மிக்கால் போர், மிகாவிட்டால் தரைதட்டல். கூலி இரண்டிலும் இல்லை.

நாட்டுப்படகு, தூத்துக்குடி:

புலவர் ஐயா எழுதியதைக் கைபேசியில் படித்தேன். ‘அமர்க்கலம்’ என்று நான் தட்டச்சு செய்யும்போதெல்லாம் அது தானாகவே ‘அமர்க்களம்’ என்று மாற்றிக்கொள்கிறது. கருவிக்கே கல்யாண வீட்டு அமளிதான் நினைவுக்கு வருகிறது போலும்.

செய்திமேசை:

‘கூலிப்படைக் கப்பல்’ என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். தயவுசெய்து வேண்டாம். கூலிப்படை என்றால் இன்றைய வாசகருக்கு அரிவாளும் இருசக்கர வண்டியும்தான் கண்ணில் தெரியும். 25 ஆண்டுகளாக அந்தச் சொல்லுக்குத் தலைப்பு வைத்தவன் சொல்கிறேன்.

கடலோடி:

சொல்லுக்கு முன்னால் பொருளைப் பார்ப்போமா? வணிகக் கப்பலில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

கப்பல் உரிமையாளருடையது. மாலுமிகளும் அவர் திரட்டிக் கொடுத்தவர்கள். அந்நாளில் கடற்படை தெருவில் போகிற மாலுமியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். இந்தக் கப்பல்களில் இருந்தவர்களுக்கு அதிலிருந்து காப்புச்சீட்டு உண்டு. கப்பலைச் செலுத்தத் தெரிந்த தலைமை மாலுமியும் உரிமையாளர் தரப்பு ஆள்தான். இத்தனைக்கும் மேலே கடற்படை ஒரு லெப்டினன்டைக் கொண்டுவந்து உட்கார வைக்கும். எங்கே போவது, யாரைச் சுடுவது என்பதெல்லாம் அவர் சொல்படி. நம் ஊரில் தேர்தல் வந்தால் தனியார் வேன்களை ஓட்டுநரோடு சேர்த்து எடுத்து, கண்ணாடியில் ‘தேர்தல் பணி’ என்று தாள் ஒட்டி, முன் இருக்கையில் ஓர் அதிகாரி ஏறிக்கொள்வார் இல்லையா? ஏறக்குறைய அதே ஏற்பாடு. அதனால் ‘குத்தகை’யும் பொருந்தாது. குத்தகை என்றால் நிலத்தைக் கொடுத்தவர் ஒதுங்கிக்கொள்வார், உழுகிறவன் குத்தகைக்காரன். இங்கே உழுகிற ஆளும் உடையவருடைய ஆள்.

பிரைவேட்டீரோடும் இதைக் குழப்பக் கூடாது. பிரைவேட்டீர் தன் செலவில், அரசின் உரிமச் சீட்டை வைத்துக்கொண்டு, பிடித்த கப்பலை விற்றுப் பிழைப்பவன். அவனுக்குக் கொள்ளைதான் வருமானம். நம் கப்பலுக்கு வாடகைதான் வருமானம். வேலையும் பெரும்பாலும் சலிப்பான வேலை: கரையோர வணிகக் கப்பல்களுக்குத் துணை போவது, கடிதம் கொண்டு போவது, பிரெஞ்சுத் துறைமுகத்து வாசலில் கிடந்து உள்ளே எத்தனை பாய்மரம் தெரிகிறது என்று எண்ணுவது.

ஆனால் அதோடு நிற்கவில்லை. 1796 மார்ச்சில் பிரிட்டிஷ் கடற்படை கேப்டன் சிட்னி ஸ்மித் பிரெஞ்சுக் கரையில் எர்க்கி என்ற துறைமுகத்தைத் தாக்கியபோது, அவருடைய ‘டயமண்ட்’ கப்பலோடு ‘அரிஸ்டோகிராட்’ என்ற வாடகை லக்கரும் உள்ளே நுழைந்தது. 1799 மார்ச் 18 அன்று ‘டெலிகிராஃப்’ என்ற வாடகைப் பிரிக் (இரண்டு பாய்மரக் கப்பல்), லெப்டினன்ட் வொர்த் தலைமையில், ‘ஹிரோண்டெல்’ என்ற பிரெஞ்சுப் பிரைவேட்டீரைச் சண்டையிட்டுப் பிடித்தது. 1847இல் பழைய கடற்போர்களுக்கெல்லாம் சேர்த்துப் பதக்கம் அறிவித்தபோது, அந்தச் சண்டைக்கென்று பதக்க நாடாவில் மாட்டத் தனிப் பட்டையே வைத்தார்கள். ‘கூரியர்’ என்ற வாடகைக் கட்டருக்கும் அப்படி ஒன்று உண்டு.

1802இல் பிரான்சோடு அமியான் சமாதான உடன்படிக்கை வந்தது, கப்பல்கள் உடையவரிடம் திரும்பின. 1803இல் மறுபடி போர், மறுபடி வாடகை.

பெயர்த்தெழுதி:

கடலோடி ஐயா, தேர்தல் வேனை அப்படியே முன்னுரையில் எடுத்துக்கொள்ளட்டுமா? கட்டர், லக்கர் இரண்டையும் என்ன செய்வது?

நாட்டுப்படகு, தூத்துக்குடி:

அவற்றை விட்டுவிடுங்கள். 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, ஸ்லூப் என்ற கப்பலைச் ‘சுலுப்பு’ என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். யாரும் அவர் தமிழைக் குறை சொல்லவில்லை. கட்டருக்கு ஒரே மரம், முன்னால் மூக்கு மாதிரி நீண்ட கழி, உடம்புக்கு மீறிய பாய். லக்கருக்கு இரண்டு மூன்று மரம். பருமலை, அதாவது பாயைத் தாங்கும் குறுக்குக் கழியை, நடுவில் கட்டாமல் ஒரு பக்கம் குறைத்து மறுபக்கம் நீட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். எங்கள் ஊர்த் தோணிக்காரர் படத்தைப் பார்த்தால் ‘நம்ம சாதி’ என்று உடனே சொல்லிவிடுவார். இரண்டும் ஓட்டத்தில் சூரம். கால்வாயில் கள்ளக்கடத்தல் செய்தவர்களும் இதே வகைக் கப்பலைத்தான் வைத்திருந்தார்கள், துரத்தியவர்களும் இதையேதான். இவ்வளவையும் ஒரு தமிழ்ச் சொல்லுக்குள் அடைக்க முடியாது. ஒரு படம் போட்டால் தீர்ந்தது.

பனைநிழல், டொரன்டோ:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணத்தவன். எல்லோரும் மறந்துவிட்ட ஒரு சொல் நமக்குக் கிடக்கிறது: கேள்வு. கப்பற்கூலி என்று பழைய அகராதிகள் பொருள் தரும். ‘கேவு’ என்றும் வழங்கியிருக்கிறது. கப்பலுக்கென்றே பிறந்த சொல். வீட்டுக்கும் காருக்கும் உள்ள வாடகையை ஏன் கடலுக்குள் இறக்க வேண்டும்? ‘கேள்வுக்கலம்’ என்று எழுதுங்கள். ஆயுதம் வேண்டுமென்றால் ‘கேள்வுப் போர்க்கலம்’.

வேர்ச்சொல்லன்:

ஆகா! கேள், கேள்வி, கேள்வன், கேண்மை... உறவு, உரிமை என்ற பொருளிலிருந்து ஒப்பந்தம் என்ற பொருளுக்கு நகர்ந்திருக்க வேண்டும். கேளிர் என்றால் உறவினர். உறவுமுறையில் கலத்தைக் கொடுத்து வாங்கிய காலத்தின் எச்சம் இது. விரிவாக எழுதுகிறேன். (இத்துடன் 4 பக்கக் கோப்பு ஒன்றை இணைத்துள்ளேன்.)

கடலோடி:

கோப்பை இரவில் படிக்கிறேன். கேள்வு சரக்கு ஏற்றுபவர் தரும் கூலி. கப்பலில் இடத்துக்குத் தரும் விலை அது. கப்பலையே ஆளோடு எடுத்துக்கொள்வதற்கு அது பொருந்துமா?

பனைநிழல், டொரன்டோ:

பொருந்தும். கடற்படை இந்தக் கப்பல்களுக்கு எப்படிப் பணம் கொடுத்தது? மாதத்துக்கு, டன்னுக்கு இவ்வளவு என்றுதானே? கொள்ளளவை வைத்துக் கூலி பேசினால் அதற்குப் பெயர் கேள்வுதான். ஏற்றிய சரக்கு பீரங்கி, அவ்வளவே.

கடலோடி:

டன் கணக்கு என்பது உண்மைதான். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

செய்திமேசை:

என்னிடம் இருக்கிறது. ‘கேள்வுக்கலம்’ என்று அச்சானால் படிப்பவர்களில் பாதிப் பேர் அதை அச்சுப்பிழை என்று நினைத்துக் ‘கேள்விக்கலம்’ என்று படிப்பார்கள். அகராதியில் தூங்குகிற சொல்லை எழுப்பலாம், தவறில்லை. வாசகர் எழுந்து போய்விடாமலும் பார்க்க வேண்டும்.

வேர்ச்சொல்லன்:

பேருந்து, மகிழுந்து என்று சொன்னபோதும் இப்படித்தான் சிரித்தார்கள். பேருந்து நிலையம் என்ற பலகையைப் பார்த்து இன்று யார் சிரிக்கிறார்கள்?

செய்திமேசை:

மகிழுந்தைப் பார்த்து இன்றும் சிரிக்கிறார்கள்.

புலவர்:

இருவரும் பொறுங்கள். ஒன்றைக் கவனித்தீர்களா? நம்மிடம் கலம் என்றால் கப்பல், பாத்திரம், அணி. படைக்கலம் என்றால் ஆயுதம். ஆக ‘ஆயுதம் தாங்கிய கப்பல்’ என்பதைப் பழைய நடையில் சொன்னால் ‘படைக்கலக் கலம்’. என் காதுக்கு அது பாத்திரக்கடை மாதிரி ஒலிக்கிறது.

கடலில் அதிகாரம் செலுத்துவது பற்றிப் புறநானூற்றின் 126ஆம் பாட்டில் ஓர் இடம் உண்டு. சேரனின் நாவாய் ஓடிய வழியில் ‘பிறகலம் செல்கலாது’ என்கிறார் மாறோக்கத்து நப்பசலையார். அங்கே வெறும் ‘கலம்’ போதுமானதாக இருந்தது. போர்க்கலமா வணிகக்கலமா என்று அவர் பிரிக்கவில்லை. பிரிக்கத் தேவை இருந்ததா என்பதே என் ஐயம். வணிகக் கப்பலில் நாலு வில்லாளரை ஏற்றிவிட்டால் போர்க்கப்பல்தானே? அம்மையார் கேட்கும் கப்பலும் அதே பிறவி.

நாட்டுப்படகு, தூத்துக்குடி:

ஐயா சொல்வது அழகு. வெள்ளிக்கிழமை நாளை.

பெயர்த்தெழுதி:

கூட்டிப் பார்த்தேன். ‘வாடகைப் போர்க்கலம்’ என்பதற்கு 5 பேர், ‘கேள்வுக்கலம்’ 2, ‘அமர்கலம்’ 1. புலவர் ஐயா யாருக்கும் வாக்களிக்கவில்லை. ‘ஒப்பந்தப் போர்க்கப்பல்’ என்று தனிமடலில் சொன்னவரைக் கணக்கில் சேர்க்கவில்லை, மன்னிக்கவும். அது சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் டெண்டர் அறிவிப்பைப் படிக்கிற உணர்வு வருகிறது.

‘வாடகைப் போர்க்கலம்’ என்று மாற்றி அனுப்பிவிட்டேன். மகளிடம் காட்டினேன். “இப்போது புரிகிறது, ஆனால் அழகாக இல்லை” என்றாள்.

வேர்ச்சொல்லன்:

‘பாடக’ என்பதைத் தெரிந்தே அச்சேற்றுகிறீர்கள். என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்.

புலவர்:

‘வாடகைப்’ என்பதில் பகர ஒற்று விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதிப்பகத்தார் அதைத்தான் முதலில் தின்பார்கள்.

பனைநிழல், டொரன்டோ:

தங்கச்சி, எனக்கு வருத்தம் இல்லை. அடிக்குறிப்பில் ஓரிடத்திலாவது ‘கேள்வு’ வரட்டும். ஒருமுறை அச்சில் ஏறிவிட்டால் அடுத்து வருகிறவர் எடுத்துக்கொள்வார்.

பெயர்த்தெழுதி:

அரிஸ்டோகிராட் வருகிற பக்கத்தில் அடிக்குறிப்பு சேர்த்திருந்தேன் அண்ணா: ‘கப்பற்கூலிக்குக் கேள்வு என்று பெயர்’. இன்று மெய்ப்பு வந்தது. புலவர் ஐயா சொன்ன ஒற்று 11 இடங்களில் காணவில்லை. உங்கள் சொல்லுக்குப் பக்கத்தில் மெய்ப்புத் திருத்துநர் சிவப்பு மையில் கோடு கிழித்து, ‘கேள்வி’ என்று திருத்தியிருக்கிறார். மறுபடியும் மாற்றி அனுப்பியிருக்கிறேன்.