இங்கிலாந்து கிராமத்தில் குடியேறியிருக்கிறீர்களா? பாரிஷ் கவுன்சிலைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்

கேர் விசாவிலும் என்.ஹெச்.எஸ் வேலையிலும் வந்து லிங்கன்ஷயர், டெவன், ஹெரஃபோர்ட்ஷயர் பக்கம் கிராமங்களில் வீடு எடுக்கிற நம் ஆட்கள் இப்போது நிறைய. ஹாரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ இருக்கும் சொந்தக்காரர்களிடம் ஊர் விஷயம் கேட்டால் பாரிஷ் கவுன்சில் என்ற பேச்சே வராது. லண்டனில் அது அநேகமாகக் கிடையாது. ஆனால் கிராமத்தில் உங்கள் வீட்டு வாசலுக்கு மிக அருகில் இருக்கும் அரசாங்கம் அதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கவுன்சில் டாக்ஸ் பில்லை எடுத்துப் பாருங்கள். கவுண்டிக்கு (பெரிய பகுதிக்கான கவுன்சில்) இவ்வளவு, டிஸ்ட்ரிக்டுக்கு (அதற்குள் அடங்கிய சின்னப் பகுதிக்கான கவுன்சில்) இவ்வளவு, போலீஸுக்கு இவ்வளவு என்று வரிசையாகப் போகும். கடைசியில் ஒரு சின்னத் தொகைக்கு எதிரே உங்கள் ஊர் பெயர் இருக்கும். பிரிசெப்ட் என்பது அந்தத் தொகைதான். பாரிஷ் கவுன்சிலுக்கு வருமானம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. நம் ஊராட்சிக்கு மாநில அரசிடமிருந்து நிதி வருவது போல இங்கே மேலிருந்து பெரிதாக எதுவும் வராது. டிசம்பர், ஜனவரியில் உட்கார்ந்து அடுத்த வருடத்துக்கு என்ன தேவை என்று கணக்குப் போட்டு, அந்தத் தொகையை டிஸ்ட்ரிக்டிடம் சொல்லிவிடுவார்கள். ஊருக்கு எதாவது வேண்டும் என்று கேட்பதாக இருந்தால் அக்டோபர், நவம்பரிலேயே கேளுங்கள். மார்ச்சில் போய்க் கேட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். அது தட்டிக்கழிக்கும் பதில் இல்லை, உண்மையிலேயே பணம் ஒதுக்கி முடிந்திருக்கும்.

பாரிஷ் என்ற பெயரைப் பார்த்து, இது சர்ச் விவகாரம், நமக்கு எதற்கு என்று ஒதுங்குகிறவர்கள் உண்டு. 1894-லேயே சட்டம் போட்டு ஊர் நிர்வாகத்தைச் சர்ச்சிலிருந்து பிரித்துவிட்டார்கள். எந்த மதத்துக்காரரும் போகலாம், பேசலாம், உறுப்பினரும் ஆகலாம்.

அதிகம் குழப்பம் வருவது யார் எதைப் பார்க்கிறார்கள் என்பதில்தான். ரோட்டில் பள்ளம், பள்ளிக்கூட இடம், முதியோர் பராமரிப்பு எல்லாம் கவுண்டி. குப்பை வண்டி, வீட்டு வசதி, கட்டட அனுமதி எல்லாம் டிஸ்ட்ரிக்ட். கார்ன்வால், வில்ட்ஷயர், சாமர்செட், நார்த் யார்க்‌ஷயர் போன்ற இடங்களில் இவை இரண்டும் ஒரே கவுன்சிலாகிவிட்டன. பாரிஷ் பார்ப்பது பிள்ளைகள் விளையாடும் இடம், பஸ் ஷெல்டர், பெஞ்சு, புல்வெளி, அலாட்மென்ட் (காய்கறி பயிரிடக் குத்தகைக்குத் தரும் நிலத் துண்டு), நாய்க்கழிவுத் தொட்டி, சில ஊர்களில் தெருவிளக்கு, சில ஊர்களில் இடுகாடு, போர் நினைவுச் சின்னம். ஊரில் பழைய சிவப்பு டெலிபோன் பெட்டிக்குள் டிஃபிப்ரிலேட்டர் (மாரடைப்பு போன்ற அவசரத்தில் இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி) வைத்திருந்தால், பி.டி. என்ற டெலிபோன் நிறுவனத்திடம் 1 பவுண்டு கொடுத்து அந்தப் பெட்டியை வாங்கியது அநேகமாகப் பாரிஷ் கவுன்சிலாகத்தான் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துக்கு ஆம்புலன்ஸ் வந்து சேர நேரம் பிடிக்கும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் ஊரில் கேர் ஹோமில் வேலை செய்யும் ஒரு தங்கை இரவு ஷிஃப்ட் முடிந்து கடைசி பஸ்ஸில் வந்து இறங்குவார். பஸ் ஸ்டாப் பக்கத்து விளக்கு எரியாது. நவம்பரில் அந்த இருட்டு எப்படி இருக்கும் என்று இங்கே வந்தவர்களுக்குத் தெரியும். போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, நடைபாதை இல்லாத ரோட்டோரமாக நடப்பார். கவுண்டி வெப்சைட்டில் இரண்டு முறை புகார் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை. விளக்குக் கம்பத்தில் ஆள் உயரத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கும், அதில் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணைப் படம் எடுத்துப் பாரிஷ் கிளார்க்குக்கு அனுப்பச் சொன்னேன். அந்த விளக்கு கவுண்டியுடையதே இல்லை, பாரிஷுடையது. அடுத்த வாரமே எலக்ட்ரீஷியன் வந்தார். அதோடு அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவோம், வந்து சொல்லுங்கள் என்று கிளார்க் அழைத்தார். தங்கை போய் நடந்ததை இரண்டு நிமிடத்தில் சொன்னார். அந்த வழியில் இருக்கும் எல்லா விளக்குகளையும் சோதிக்கத் தீர்மானம் போட்டார்கள். அதுவரை இரவு பத்து மணிக்கு அந்த ரோட்டில் ஆள் நடக்கிறது என்பதே கவுன்சிலர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லோரும் காரில் போகிறவர்கள். புதிதாக வந்த நாம் வாய் திறந்து சொல்ல வேண்டியிருப்பது இதனால்தான்.

கிளார்க் என்றதும் நம் ஊர் ஆபீஸ் கிளார்க்கை நினைத்துக்கொள்ளாதீர்கள். பாரிஷில் முக்கியமான ஆள் அவர்தான். கடிதப் போக்குவரத்து, சட்டம், பெரும்பாலும் கணக்கும் அவர் பொறுப்பு. சின்ன ஊர்களில் வாரத்துக்குச் சில மணி நேரம்தான் சம்பள வேலை, அதுவும் வீட்டிலிருந்தே செய்வார். காலையில் மெயில் போட்டுவிட்டு மாலையில் பதில் இல்லையே என்று கோபப்படக் கூடாது. கவுன்சிலர்கள் பெரும்பாலும் சம்பளமே வாங்காமல் வேலை செய்கிறவர்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர், பண்ணைக்காரர், கடை வைத்திருப்பவர் என்று உங்கள் அக்கம்பக்கத்து ஆட்கள்தான். 2021 பிப்ரவரியில் செஷயர் பக்கம் ஹேண்ட்ஃபோர்த் பாரிஷின் ஜூம் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் கத்திக்கொண்ட வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். நான் பார்த்தவரை கூட்டங்கள் அமைதியாக, கொஞ்சம் தூக்கம் வரும்படியாகவே நடக்கும்.

கூட்டம் மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ வில்லேஜ் ஹாலில் இருக்கும். ஒட்டும் நாளுக்கும் கூட்ட நாளுக்கும் நடுவில் முழுதாக 3 நாட்கள் இருக்கும்படி அஜெண்டாவை (பேசப்போகும் விஷயங்களின் பட்டியலை) முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பது சட்டம். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம், அந்த உரிமை 1960-ஆம் வருடச் சட்டத்தில் இருக்கிறது. தொடக்கத்தில் பொதுமக்கள் பேசச் சிறிது நேரம் ஒதுக்குவார்கள், ஆளுக்குச் சில நிமிடம். அதற்குப் பிறகு பேசுவது கவுன்சிலர்கள் மட்டும்தான், நாம் குறுக்கே பேசக் கூடாது. பிறகு போன கூட்டத்து மினிட்ஸ் (நடவடிக்கைக் குறிப்பு), செலவுப் பட்டியல், ஊஞ்சல் சங்கிலி தேய்ந்திருக்கிறது என்ற இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட், புல் வெட்டுகிறவரின் பில் என்று ஒவ்வொன்றாகப் போகும். முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, அஜெண்டாவில் இல்லாத விஷயத்தில் அவர்களால் முடிவு எடுக்க முடியாது. நீங்கள் எழுந்து எவ்வளவு நியாயமாகப் பேசினாலும் குறித்துக்கொள்கிறோம் என்றுதான் பதில் வரும். ஆகவே பத்து நாள் முன்பே கிளார்க்குக்கு எழுதி, இதை அஜெண்டாவில் சேருங்கள் என்று கேளுங்கள். ஆங்கிலம் வேகமாகப் போகிறது, பிடிபடவில்லை என்றால் பொதுக் கூட்டத்தை ரெக்கார்ட் செய்துகொள்ள 2014 விதிகள் இடம் தருகின்றன. மரியாதைக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வருடம் ஒருமுறை, மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் நடுவில், ஆண்டு பாரிஷ் கூட்டம் என்று தனியாக ஒன்று நடக்கும். இது கவுன்சிலின் கூட்டம் இல்லை, வாக்காளர்களின் கூட்டம். நம் கிராம சபை மாதிரி. அதில் வாக்காளர் எல்லோரும் பேசலாம், ஓட்டும் போடலாம். நேரம் கிடைக்காதவர்கள் இந்த ஒன்றுக்காவது போய் வாருங்கள்.

*

இந்தப் பதிவுக்குக் கீழே வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில்:

வாடகைக்கு இருக்கும், விசாவில் இருக்கும் நமக்கு ஓட்டு உண்டா என்று கேட்ட தம்பிக்கு: உண்டு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். செல்லுபடியாகும் விசா இருந்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். பாரிஷ் தேர்தலில் மட்டுமில்லை, பாராளுமன்றத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். அரசு வெப்சைட்டில் நேஷனல் இன்சூரன்ஸ் எண் கொடுத்துப் பதிவு செய்தால் போதும். 2023 முதல் வாக்குச் சாவடியில் போட்டோ அடையாளம் கேட்கிறார்கள், நம் பாஸ்போர்ட் செல்லும். பட்டியலில் பெயர் இருப்பது கிரெடிட் ஸ்கோருக்கும் நல்லது. போன் கான்ட்ராக்ட் எடுக்கும்போது தெரியும். பிரான்ஸ், ஜெர்மனி குடியுரிமையோடு அண்மையில் வந்த ஈழத்து உறவுகளுக்கு இது பொருந்தாது. ஐரோப்பியக் குடியுரிமைக்காரர்களுக்கு விதி வேறு, வந்த தேதியைப் பொறுத்து மாறும்.

அலாட்மென்ட் பற்றிக் கேட்ட அக்காவுக்கு: இதைப் பற்றி எழுதினால் நிறுத்த மனம் வராது. முழு பிளாட் என்பது 10 ‘போல்’ (pole என்ற பழைய நில அளவு), ஏறக்குறைய 250 சதுர மீட்டர். முதல் வருடம் அரை பிளாட் கேளுங்கள், முழுதையும் களை எடுத்து முடிக்க முடியாது. கிளார்க்கிடம் பெயர் கொடுத்தால் காத்திருப்போர் பட்டியலில் போடுவார். பக்கத்து டவுனை விடக் கிராமத்தில் சீக்கிரம் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஊரில் அலாட்மென்ட் நிலமே இல்லையென்றால், 6 வாக்காளர்களோ கவுன்சில் டாக்ஸ் கட்டுபவர்களோ சேர்ந்து எழுதிக் கொடுக்கலாம். அதைக் கவுன்சில் பரிசீலித்தே ஆக வேண்டும், 1908 சட்டம் அப்படி. கொத்தமல்லி, வெந்தயக்கீரை, பூசணி வெளியிலேயே வரும். பாகலும் புடலையும் பாலிடனல் (பிளாஸ்டிக் கூடாரம்) இல்லாமல் தேறாது. நாற்றை மே நடுவுக்கு முன் வெளியே வைக்காதீர்கள், ஒரே இரவு உறைபனியில் போய்விடும். முருங்கை வேண்டாம், வீண் செலவு. குத்தகை விதிகளை முழுதாகப் படியுங்கள். ஹோஸ் பைப், நெருப்பு, கொட்டகை மூன்றுக்கும் ஊருக்கு ஊர் கட்டுப்பாடு வேறுபடும். பயிர் வைக்காமல் காடாக விட்டால் நோட்டீஸ் வரும்.

பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டுகிறார், பாரிஷ் தடுக்குமா என்று கேட்டவருக்கு: தடுக்க முடியாது. பாரிஷ் கருத்து மட்டும் சொல்லும், முடிவு டிஸ்ட்ரிக்டுடையது. கருத்துச் சொல்ல உங்களுக்குப் பொதுவாக 21 நாட்கள் கிடைக்கும். என் வீட்டு விலை குறையும், காட்சி மறையும் என்று எழுதினால் எடுபடாது. ஜன்னல் நேராக உங்கள் படுக்கையறையைப் பார்க்கிறது, வெளிச்சம் போகிறது, வண்டி நிறுத்த இடமில்லை, மழைநீர் போக வழியில்லை என்று குறிப்பாக எழுதுங்கள். அதையே பாரிஷ் கூட்டத்திலும் சொல்லுங்கள். அவர்கள் கருத்தில் உங்கள் வாதமும் சேர்ந்தால் எடை கூடும்.

பொங்கல் விழாவுக்கு வில்லேஜ் ஹாலைப் பாரிஷிடம் கேட்கலாமா என்று கேட்டவருக்கு: பல ஊர்களில் ஹால் தனி அறக்கட்டளையின் பொறுப்பு. அவர்களிடம்தான் புக் செய்ய வேண்டும்.

கணக்கைப் பார்க்கலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. ஒவ்வொரு வருடமும் 30 வேலை நாட்கள் கணக்குப் புத்தகங்களைத் திறந்து வைக்க வேண்டும், ஜூலையின் முதல் 10 வேலை நாட்கள் அதில் கட்டாயம் அடங்கும். கிளார்க்கிடம் நேரம் கேட்டுவிட்டுப் போய் பில், ரசீது எல்லாம் பார்க்கலாம்.

கவுன்சிலராகலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்ட தங்கைக்கு: 18 வயது முடிந்திருக்க வேண்டும். காமன்வெல்த் குடிமகளாக இருந்து ஐ.எல்.ஆர் (காலவரையின்றித் தங்கும் அனுமதி) கிடைத்திருந்தால் நிற்கலாம். வேலை விசாவில் இருக்கும்வரை ஓட்டு மட்டும்தான். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதோ, ஊரிலோ 3 மைல் தூரத்துக்குள்ளோ 12 மாதம் குடியிருந்திருப்பதோ, இப்படி ஏதாவது ஒரு தகுதி போதும். 4 வருடத்துக்கு ஒருமுறை மே மாதத்தில் தேர்தல். டெபாசிட் கிடையாது, முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் கையெழுத்து வேண்டும். நடுவில் இடம் காலியானால் முதலில் அறிவிப்பு ஒட்டுவார்கள். 10 வாக்காளர்கள் தேர்தல் கேட்காவிட்டால் கவுன்சிலே ஆளை எடுத்துக்கொள்ளும், அதற்கு கோ-ஆப்ஷன் என்று பெயர். பல ஊர்களில் காலி இடத்துக்கு ஆள் கிடைக்காமல் மாதக்கணக்கில் அறிவிப்பு தொங்கும். உங்கள் ஊர்ப் பலகையில் அப்படி ஒன்று தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், விண்ணப்பக் கடிதத்தைச் சேர்ந்து எழுதலாம்.