கிரிக்கெட் படத்துல கிரிக்கெட்டை மட்டும் ஏன் தப்பா காட்றாங்க?

மிட்ராண்ட்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நேத்து வீட்டுல ஒரு கிரிக்கெட் படம் போட்டோம், சரியா கடைசி ஓவர்ல கரண்ட் போச்சு (லோட்ஷெடிங் இல்ல, எங்க ஏரியா கேபிளை எவனோ வெட்டிட்டான்), பொண்ணு ஒரே அழுகை, நான் சொன்னேன் விடும்மா கடைசி பால் சிக்ஸ்தான்னு. காலைல கரண்ட் வந்து பாத்தா சிக்ஸேதான் 😄 நான் இங்க தென்னாப்பிரிக்காவுல சண்டே லீக்ல ஸ்கோர் எழுதுற ஆளு, ஸ்க்ரீன்ல ஸ்கோர்போர்டு வந்தாலே பாஸ் பண்ணி கூட்டிப் பாப்பேன், வீட்டுல திட்டு விழும். ஒயிடுக்கு அப்புறம் பால் கணக்கு இடிக்கும், ஃபோர் அடிச்சவன் அடுத்த பாலுக்கு ரன்னர் எண்டுல நிப்பான். ஒழுங்கா எடுத்த படம் எதாவது இருக்கா?

டர்பன் லெக்ஸ்பின்:
அண்ணா நீங்க லகானை பாஸ் பண்ணிப் பாத்தா தூக்கமே வராது. கதை நடக்குறது 1893, அப்போ இங்கிலாந்துல ஓவருக்கு 5 பால்தான், 1900லதான் 6 ஆச்சு. படத்துல 6 போடுறாங்க. ஆனா உண்மையை எடுத்தாலும் நம்ப மாட்டாங்கண்ணா. 2003 மார்ச் 3, எங்க டர்பன் கிங்ஸ்மீட் கிரவுண்ட்ல ஸ்ரீலங்காவோட மேட்ச், மழை வரப்போகுது, நம்ம பேட்ஸ்மேன் பவுச்சர் முரளியை சிக்ஸ் அடிச்சிட்டு அடுத்த பாலை சும்மா தட்டி வெக்கிறான், ஜெயிச்சாச்சுன்னு நெனப்பு. மழையில ஆட்டம் நின்னா ஜெயிக்க 229 போதும்னு உள்ள இருந்து சொன்னாங்க, ஆனா அது டைக்கான நம்பர்! ஒரு ரன் கம்மி, சொந்த ஊர் வேர்ல்ட் கப்ல இருந்தே அவுட். இதைக் கதைன்னு சொன்னா எந்த டைரக்டரும் வெளிய போடாம்பான்.

கோடம்பாக்கம்2ஜோபர்க்:
லப்பர் பந்து பாருங்க ப்ரோ. பெரிய கிரவுண்ட் எடுத்தா சொதப்புறாங்க, ஊர் கிரவுண்ட் எடுத்தா சரியா வருது. அதுல வர்ற அன்புங்கிற பிளேயரை டீம்ல சேக்காததுக்கு அவன் ஆட்டமா காரணம், ஜாதிதானே. அதுதான் நிஜ கிரிக்கெட்.

சாட்ஸ்வொர்த் அக்கா:
என் தமிழ் சனிக்கிழமை கிளாஸ் தமிழ், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. அந்தப் படம் பாத்தப்போ எங்க தாத்தா ஞாபகம்தான். இங்க நிறத்தைப் பாத்து ஒதுக்கினாங்க, வெள்ளைக்காரங்களுக்கு புல் பிட்ச், தாத்தா டீமுக்கு மேட்டிங். காலைல போய் பாயை விரிச்சு, இழுத்துப் பிடிச்சு, சுத்தி ஆணி அடிக்கணும், ஒரு பக்கம் தொளதொளன்னு இருந்தா பால் மூஞ்சிக்கு வரும்னு சொல்வாரு. எவ்வளவு நல்லா ஆடினாலும் நாட்டுக்கு ஆட முடியாது. 2019ல நம்ம இந்திய வம்சாவளி செனுரன் முத்துசாமி தென்னாப்பிரிக்காவுக்கு டெஸ்ட் கேப் போட்டப்போ தாத்தா இல்லையேன்னு இருந்துச்சு. அந்த ஆணி அடிக்கிற சத்தத்தை ஒரு படத்துலயும் நான் கேக்கல.

மிட்ராண்ட்காரன்:
அக்கா, தாத்தா டீம் ஸ்கோர்புக் எதாவது வீட்டுல இருக்கா? இருந்தா போட்டோ போடுங்களேன்.

சாட்ஸ்வொர்த் அக்கா:
ஒண்ணு இருக்கு தம்பி. நடுவுல ரெண்டு பக்கம் மீன் குழம்பு கொட்டி ஒட்டிக்கிச்சு. மத்ததை அனுப்புறேன், கூட்டிப் பாத்து தப்புன்னு மட்டும் சொல்லிடாதீங்க, எழுதினது எங்க பாட்டி.